கறுப்பு முதலில், கறுப்பு கடைசியில்

ஈசூன். நான்காம் மாடிக் கார்நிறுத்தம். ஞாயிறு ஏழரை.
இரண்டு பக்கமும் இடம் காலி.
நேற்று ஜொகூர் போனவர்கள்
இன்னும் பாலத்தில் நிற்கிறார்கள் போலும்.

மூடியைத் தூக்கி முட்டுக்கம்பி கொடுத்தேன்.
எதிர்முனையில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பொடி பூத்திருந்தது.
கேபிளை மடக்கினால்
கறுப்பு உறைக்குள் செம்பு நொறுங்கும் சத்தம்.
மூன்று வாரமாய் இதே கதை:
விடிகாலை நாலே முக்காலுக்குச் சாவியைத் திருப்பினால்
டிக் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு
யோசிக்கும் கார்.
துவாஸ் ஷிஃப்டுக்கு அந்நேரம் ரயில் கிடையாது,
யோசிக்க எனக்கும் நேரம் கிடையாது.

வளையலைக் கழற்றினேன். கைக்கடிகாரத்தையும்.
மோதிரம் வரவில்லை.
அதற்காக மறுபடி வீட்டுக்குப் போய்ப்
பாத்திரச் சோப்புப் போட்டு உருவினேன்.
"மோதிரத்தை ஏன் கழற்றுகிறாய்?" என்றார் சற்குணன், தூக்கத்தில்.
"பேட்டரிக்கு" என்றேன்.
சரி என்று திரும்பிப் படுத்தார்.

பன்னிரண்டு வோல்ட் ஆளை அடிக்காது, உண்மைதான்.
ஆனால் இரண்டு முனைக்கும் குறுக்கே உலோகம் விழுந்தால்
பழுக்கும். விரலில் இருந்தால் விரலோடு.
ஃபோர்க்லிஃப்ட் பேட்டரியில் ஒரு ஸ்பானர் ஒட்டிக்கொண்டு
சிவந்ததைப் பார்த்தவள் நான்.
அதை எடுக்கப் போனவரின் கையுறை
இன்னும் பட்டறை அலமாரியில் கிடக்கிறது.
யாரும் தூக்கிப் போடவில்லை.

ஆய்வகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.
கறுப்பு முதலில்.
காரின் உடம்பு முழுக்கக் கறுப்பின் கட்சி.
அதைப் பிரித்துவிட்டால்
சிவப்பைக் கழற்றும்போது ஸ்பானர் எங்கே இடித்தாலும்
வெறும் இடி.
கழற்றிய முனை துள்ளித் திரும்பப் பார்த்தது,
கோபித்துக் கிளம்பியவர்
குடையை எடுக்கத் திரும்புவதுபோல.
பழைய டீ-சட்டையில் சுற்றி ஒதுக்கி வைத்தேன்.

வண்டி துடைக்க வந்த ஹம்டான் எட்டிப் பார்த்தார்.
"சிஓஇ இன்னும் எவ்வளவு நாள்?"
"பதினோரு மாதம்."
"பிறகு?"
"ஸ்கிராப்."
புதுக் கேபிளைக் கையில் எடை பார்த்தார்.
கட்டைவிரல் தடிமன், ஈயம் பூசிய நுனி, நாற்பத்திரண்டு வெள்ளி.
"இது உன் காரைவிட அதிக நாள் இருக்குமே!"

இருக்கட்டுமே.
பதினோரு மாதத்திலும்
நாலே முக்கால் தினம் ஒன்று வருகிறதே.
இதை அவரிடம் சொல்லவில்லை.
"டார்ச்சைப் பிடியுங்கள்" என்றேன். பிடித்தார்.

சோடா உப்புத் தண்ணீர் பட்டதும் பொடி சீறி நுரைத்தது.
துடைத்து, தேய்த்து, உலரவிட்டேன்.
கேபிளின் மறுமுனை கவ்வும் இடத்தில்
பெயிண்டைச் சுரண்டினேன், தகரம் பளிச்சென்று சிரிக்கும்வரை.
அந்த முனையை முறுக்கி முடித்தபின்
பேட்டரிக்கு வந்தேன். இப்போது சிவப்பு முதலில்.
அதன் தலைக்குத் தொப்பி.
கறுப்பு கடைசியில்.
பேட்டரி விடும் மூச்சில் வாயு உண்டு,
முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தேன்.
கடுகளவு ஒரு பொறி.
ஹம்டான் ஒரு எட்டு பின்னால் போய்
யாரும் பார்க்கவில்லை என்று திரும்பி வந்தார்.

கையால் திருகினால் அசையக் கூடாது, அவ்வளவுதான்.
அதற்குமேல் முறுக்கினால் ஈயம் கெட்டுப்போகும்,
மெத்தென்ற உலோகம் அது.

சரியாக ஒன்பது மணிக்கு எஞ்சின் பிடித்தது.
வானொலிக்கு நிலையங்கள் எல்லாம் மறந்துபோய் ஒரே இரைச்சல்.
கடிகாரம் பன்னிரண்டு என்று கண் சிமிட்டியது.
கீழே காராங் குனிக்காரரின் ஹார்ன்.
பழைய கேபிளோடு படியில் ஓடினேன்.
ஒரு வெள்ளி கொடுத்தார்,
பச்சை பிடித்த செம்பு என்று பேரம் பேசி.

திங்கள், நாலே முக்கால்.
சாவியைத் திருப்பும்போது அந்த டிக்குக்குக்
காதைக் கொடுத்தேன்.
வரவில்லை.
மோதிரம் இன்னும் சோப்புக் கிண்ணத்தின் பக்கத்திலேயே
இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.
கடிகாரம் ஏழே முக்கால் என்றது.
திருத்தாமல் விட்டேன்.
மூன்று மணி நேரம் முந்திக்கொண்டு
காலியான விரைவுச்சாலையில்
துவாஸ் போனேன்.